ஆறு பிரதிகள்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலை ரவுண்ட்ஸ். ஒடுகத்தூர்ப் பெரியவரின் கட்டைப் பிரித்துத் தையலைப் பார்த்தேன். நான்கு நாட்களுக்கு முன் அந்த வயிற்றைத் திறந்து தைத்தவள் நான்தான். "நர்ஸம்மா, டாக்டர் எப்போது வருவார்?" என்றார். என் பின்னால் நின்ற ஹவுஸ் சர்ஜன் தம்பிக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அவனைப் பார்த்துக் கும்பிட்டார்.

பெரியவர் மேல் எனக்குக் கோபமில்லை. அதைக் கேட்டுச் சிரித்த பேராசிரியர் மேல்தான் கோபம். "பெண்பிள்ளைக்கு சர்ஜரி எதற்கு? மகப்பேறு எடுத்திருக்கலாமே" என்று நான் சேர்ந்த அன்றே கேட்டவர்.

14 ஆகஸ்ட், புதன்

நைட் டியூட்டி. பேச்செல்லாம் கொல்கத்தாவைப் பற்றித்தான். 9ஆம் தேதி ஆர்.ஜி.கர் மருத்துவமனையின் கருத்தரங்க அறையில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாகிக் கொல்லப்பட்டுக் கிடந்தவளும் முதுநிலை மாணவி, எங்களைப் போல. கண் அயர ஓர் இடம் தேடிப் போனவள்.

எங்கள் ஓய்வறைக் கதவில் தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருடம் ஆகிறது. இரும்பு லாக்கரை நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்போம். தரையில் அதன் கால் இழுபட்ட கோடு வெள்ளையாகத் தெரியும்.

16 ஆகஸ்ட், வெள்ளி

தாழ்ப்பாள் வந்துவிட்டது. ஐம்பது ரூபாய்ச் சாமான்.

17 ஆகஸ்ட், சனி

நாடு முழுக்க இந்திய மருத்துவச் சங்கத்தின் 24 மணி நேர வேலைநிறுத்தம். அவசரப் பிரிவு மட்டும் ஓடியது. வாசலில் அட்டை பிடித்து நின்றோம். பெண் மருத்துவர்களின் பாதுகாப்பைப் பற்றி மைக்கில் பேசியவர் அந்தப் பேராசிரியரேதான். குரல் தழுதழுத்தது. என்னால் கைதட்ட முடியவில்லை. இனி எழுதிவிடுகிறேன்.

ஜூன் 3, தியேட்டர். கை கழுவிக் கவுனை மாட்டிக்கொண்டு, முழங்கையை மடக்கி நின்றேன். முதுகுப் பக்கத்து நாடாக்களைப் பின்னால் நிற்பவர்தான் கட்ட வேண்டும். எப்போதும் சிஸ்டர் அக்கா கட்டுவார். அன்று "நான் கட்டுகிறேன்" என்று பேராசிரியர் வந்தார். இரண்டு முடிச்சுப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அவர் கை நாடாவில் இல்லை. நான் கையை இறக்கித் தட்டிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து கழுவ வேண்டும். மேசையில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். அந்தக் கணக்கு அவருக்கும் தெரியும். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

பிறகு இரண்டு மணி நேரம் அவருக்கு எதிரே நின்று, வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் ரிட்ராக்டரைப் பிடித்தேன்.

20 ஆகஸ்ட், செவ்வாய்

மருத்துவர்களின் பாதுகாப்புக்காக உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு அமைத்திருக்கிறது. எங்கள் அறிவிப்புப் பலகையில், பாலியல் புகார்களை விசாரிக்கும் உள்ளகப் புகார்க் குழுவின் தலைவராக இருப்பவரோ ஓய்வுபெற்று இரண்டு வருடமாகிறது.

இன்று அக்கா தானாகவே வந்தார். "அன்று பார்த்தேன் டாக்டர். எனக்கு நடந்தபோது பார்த்தவர்கள் வாய் திறக்கவில்லை. நான் சொல்கிறேன்" என்றார். இருபது வருட வேலையை வைத்துக்கொண்டு பேசுகிறார்.

24 ஆகஸ்ட், சனி

அம்மா போனில் அழுதார். "பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே கண்ணு, படிப்பை முடித்துவிட்டு வந்துவிடு." அதே பயம் எனக்கும் இருந்தது. ஆனால் பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகளைப் படித்தேன். விசாரணை முடியும்வரை, புகார் செய்தவரின் வேலையைப் பற்றிப் புகாருக்கு உள்ளானவர் மதிப்பீடு எழுதாதபடி தடுக்கக் குழு பரிந்துரைக்கலாம். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். அதாவது செப்டம்பர் 3.

28 ஆகஸ்ட், புதன்

கையால் எழுதினேன், மூன்று பக்கம். ஆறு பிரதிகள் கொடுக்க வேண்டுமாம், சாட்சியின் பெயர், முகவரியோடு. ஆட்டோ ஐடா ஸ்கடர் சாலை வழியாகப் போனது. ஆண் வைத்தியர் கூடாது என்று வீட்டார் மறுத்ததால் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைப் பார்த்துத்தான் அந்த அம்மாள் டாக்டருக்குப் படித்தார். 1918இல் இதே வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி திறந்தார். நான் வேலை பார்ப்பது வேறு இடம். ஆனாலும் அந்தப் பெயர்ப்பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

ஜெராக்ஸ் கடைக்காரர் முதல் வரியைப் படித்திருக்க வேண்டும். தாள்களைச் சட்டென்று கவிழ்த்து வைத்தார்.

"எத்தனைம்மா?"

"ஏழு. ஒன்று எனக்கு."