புரோஹாஸ்காவை ரோமா ஏன் ஒரே சீசனில் விட்டது?

ஆஸ்திரியாவின் நடுக்களக் கால்பந்து வீரர் ஹெர்பர்ட் புரோஹாஸ்கா இத்தாலிய கிளப்புகளான இன்டர் மிலானில் இரண்டு சீசன், ரோமாவில் ஒன்று ஆடிவிட்டு வியன்னாவுக்குத் திரும்பினார். இதை வைத்து, இத்தாலியில் அவர் எடுபடவில்லை என்று சொல்வது அநியாயம். அன்றைய வெளிநாட்டு வீரர் விதியைப் பார்க்க வேண்டும்.

1966 உலகக் கோப்பையில் வட கொரியாவிடம் தோற்றபின் இத்தாலி வெளிநாட்டு வீரர்களை வாங்குவதை நிறுத்தியது. 1980இல் மறுபடி அனுமதித்தபோது கிளப்புக்கு ஒருவர்தான். இன்டர் அந்த ஒற்றை இடத்தை ஆஸ்திரியா வியன்னா கிளப்பின் புரோஹாஸ்காவுக்குக் கொடுத்தது. 1982இல் இத்தாலியக் கோப்பையும் வந்தது. அதே ஆண்டு வரம்பு இரண்டாக உயர, ரோமா அவரை, ஏற்கெனவே தன்னிடம் இருந்த பிரேசில் நடுக்கள வீரர் ஃபால்காவோவுடன் சேர்த்தது.

அவர் வந்ததால் பயிற்சியாளர் நில்ஸ் லீட்ஹோல்முக்கு ஒரு வசதி கிடைத்தது. நடுக்களத்தில் ஆடிய டி பார்தொலொமேயை லிபெரோவாக, அதாவது எந்த எதிரணி வீரரையும் தனியாகக் காவல் காக்காத கடைசித் தடுப்பாளராக, பின்னுக்கு இழுத்தார். மற்ற அணிகள் ஆளுக்கு ஆள் காவல் போட்ட காலத்தில் ரோமாவில் ஒவ்வொரு வீரரும் தனக்குரிய பகுதியைக் காத்தார். அந்த முறையில் பந்தைத் தொலைக்காமல் வேகத்தைக் குறைக்கவும் கூட்டவும் தெரிந்தவர்தான் தேவை. புரோஹாஸ்காவின் பலமே அது. 1983இல், 41 ஆண்டுகளுக்குப் பின், ரோமா இத்தாலிய லீக் சாம்பியன். அடுத்து பிரேசிலின் செரேசோ வந்தார். இருப்பது இரண்டே இடம். ஃபால்காவோவை யார் விடுவார்கள்? புரோஹாஸ்காதான் போக வேண்டியிருந்தது.

ஆஸ்திரியர்கள் அதிகம் பேசுவது வேறொன்றை: 30 அக்டோபர் 1977, இஸ்மிர். துருக்கிக்கு எதிராக ஷூ முனையால் குத்தி அவர் போட்ட கோல், 1958க்குப் பின் முதல் உலகக் கோப்பைக்கு நாட்டைக் கொண்டுபோனது. முனையால் அடித்தால் பந்து எங்கே போகும் என்று உறுதி இல்லை. ஆனால் காலைப் பின்னால் ஓங்க வேண்டியதில்லை என்பதால் கோல்கீப்பருக்கு முன்கூட்டியே எதுவும் தெரியாது.

பயிற்சியாளராக ஆஸ்திரியா வியன்னாவுடன் 1991, 1992 லீக் பட்டங்கள். 1993இல் தேசிய அணி. 1998 உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஸ்வீடன், ஸ்காட்லாந்து இருந்த பிரிவில் 10 ஆட்டத்தில் 25 புள்ளி எடுத்து முதலிடம்; அவருடைய மிகச் சிறந்த வேலை இதுதான். பிரான்சில் நடந்த உலகக் கோப்பையில் போட்ட மூன்று கோல்களும் ஆட்ட முடிவில் சேர்க்கப்படும் கூடுதல் நிமிடங்களில் வந்தவை. கேமரூன், சிலியோடு 1-1, இத்தாலியிடம் 1-2. முதல் சுற்றோடு வெளியே.

மார்ச் 1999இல் வலென்சியாவில் ஸ்பெயினிடம் 0-9. இடைவேளையிலேயே 0-5; மொத்தத்தில் ஸ்பெயினின் ராவுல் மட்டும் நான்கு கோல். புரோஹாஸ்கா பதவி விலகினார்.

கொஞ்ச காலம் பழைய கிளப்பைப் பயிற்றுவித்துவிட்டு, ஆஸ்திரியாவின் ஓ.ஆர்.எஃப். தொலைக்காட்சியில் ஆட்ட விமர்சகரானார். அங்கும் சுத்தமான வியன்னாப் பேச்சுதான்.