அவர் சொல்லாமல் விட்டவை

அந்த வீடியோவைக் கண்காட்சியிலிருந்து நீக்கியது சரியான முடிவு என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதற்கு நாங்கள் சொல்லிக்கொண்ட காரணம்தான் உறுத்துகிறது.

குயீன் ராக் இசைக்குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரியின் வாழ்க்கையை நாலு சுவரிலும் தரையிலும் ஓட்டிக் காட்டும் கண்காட்சி. வாசகங்கள் எழுதுவது என் வேலை. கடைசிப் பகுதிக்கு 1991 மே மாதம் எடுத்த கறுப்பு வெள்ளை வீடியோவிலிருந்து ஒரு துண்டு வைத்திருந்தோம். அவர் கேமரா முன் நின்ற கடைசி வீடியோ அது. லேப்டாப்பில் பார்க்கும்போது ஆள் மெலிந்திருக்கிறார் என்று தெரியும், அவ்வளவுதான். சுவரில் அடித்துப் பார்த்த அன்று வேறு மாதிரி இருந்தது. பூனைப் படங்கள் போட்ட அந்த வெயிஸ்ட்கோட்டுக்கு மேலே முகம் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. இரண்டு ப்ரொஜெக்டர்களின் படம் ஒன்றோடொன்று சேரும் இடம் நேராக அவர் கன்னத்தில் விழுந்து, அங்கே மட்டும் வெளுப்பு கூடியிருந்தது. சேருமிடத்தைத் தள்ளிவைக்கலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. டிசைனர் "இது வேண்டாம்" என்றார்.

அப்புறம் காரணங்கள் வரிசையாக வந்தன. இது கொண்டாட்டம், அழவைத்து அனுப்பக் கூடாது. படம் நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும், எந்த நேரத்திலும் ஆட்கள் உள்ளே வருவார்கள்; குழந்தையைக் கூட்டிக்கொண்டு வருகிறவர் முதலில் பார்ப்பதே மரணம் என்றாகிவிடலாம். இந்த இரண்டாவது காரணம் நியாயமானது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நான்தான் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தேன்: "எய்ட்ஸ் என்று அவரே இறப்பதற்கு முந்தின நாள்வரை வெளியே சொல்லவில்லை. அவர் மறைத்ததை நாம் ஏன் இவ்வளவு பெரிதாகக் காட்ட வேண்டும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். பெரிய அறை 1985 ஜூலை 13, லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் அவர் பாடிய லைவ் எய்ட் கச்சேரியோடு முடியட்டும் என்று முடிவானது. நோய், மரணம் எல்லாம் வெளியே போகும் நடையில் ஒரு பலகைக்குப் போயின.

கூட்டம் கலைந்த பிறகு ப்ரொஜெக்டர் பார்த்துக்கொண்டிருந்த தம்பி, ஏணியிலிருந்து இறங்காமலே கேட்டான்: "அப்ப பஞ்ச்கனி ஸ்கூல் எதுக்குண்ணா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன?"

"ஸ்கூல் பத்தியும் அவர் பெருசா பேசினதில்லைன்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்கு மட்டும் ஒரு முழுச் சுவர் கேட்டு வாங்கினீங்களே."

"அதுல யாருக்கும் வலி இல்லப்பா" என்றேன். அவன் "சரிண்ணா" என்று வேலையைப் பார்க்கப் போய்விட்டான். அந்தச் 'சரிண்ணா'வில் ஒப்புதல் இருந்ததாகத் தெரியவில்லை.

பஞ்ச்கனிக்காக நான் சண்டை போட்டது உண்மை. ஃப்ரெடியின் இயற்பெயர் ஃபரோக் புல்சாரா. 1946-ல் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரில் பிறந்தவர். பார்சி குடும்பம். எட்டு வயதுச் சிறுவனை பஞ்ச்கனி என்ற மகாராஷ்டிர மலையூரில் விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஃப்ரெடி என்று கூப்பிட ஆரம்பித்தது அங்கேதான். ஹெக்டிக்ஸ் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு இசைக்குழு, அதில் பியானோ. 1964-ல் சான்சிபார் புரட்சியை விட்டுத் தப்பிக் குடும்பம் இங்கிலாந்து வந்தது. மெர்குரி ஆன பிறகு பேட்டிகளில் இதையெல்லாம் அவர் விரித்துச் சொன்னதில்லை. அது இல்லாமல் அவர் கதையே இல்லை என்று வாதாடினேன். வாதம் தப்பில்லை. ஆனால் அதற்குள் 'நம்ம ஊர்ல படிச்ச ஆளு' என்ற சந்தோஷமும் இருந்ததா என்று கேட்டால், இருந்தது.

வலி இல்லை என்று சொன்னதும் எவ்வளவு தூரம் சரி? அவ்வளவு சின்ன வயதில் கடல் தாண்டி விடுதிக்கு அனுப்பப்பட்டவரின் வலி எனக்கென்ன தெரியும்? அதைப் பற்றி அவர் ஏன் பேசவில்லை என்பதும் எனக்குத் தெரியாது. நோயைப் பற்றியோ காரணத்தை அவரே சொன்னார். நவம்பர் 23 அறிக்கையில், தன்னைச் சுற்றி இருப்பவர்களின் அந்தரங்கத்தைக் காப்பாற்றத்தான் இதுவரை சொல்லவில்லை என்கிறார். இனி எல்லோரும் சேர்ந்து இந்த நோயை எதிர்க்க வேண்டும் என்கிறார். மறுநாள் இறந்துவிட்டார், 45 வயது. அப்படியானால் இரண்டில் அவர் வாய்திறந்து சொன்னது நோயைத்தான். பள்ளிக்கூடம்தான் சொல்லாமலே போனது. என் மூன்றாவது காரணத்தை நானே நம்பியிருந்தால், சுவரிலிருந்து இறங்கியிருக்க வேண்டியது பஞ்ச்கனி.

இது தம்பிக்கு அப்போதே தோன்றியிருக்குமோ என்னவோ. எனக்குப் பலகை எழுத உட்கார்ந்தபோதுதான் தோன்றியது. அறிக்கையின் சாரம், தேதி, 1992-ல் குயீன் குழுவின் பிரையன் மே, ரோஜர் டெய்லர், மேனேஜர் ஜிம் பீச் மூவரும் அவர் பெயரில் தொடங்கிய எய்ட்ஸ் அறக்கட்டளை என்று சுருக்கமாக எழுதினேன். நல்ல பலகைதான், குறை சொல்ல முடியாது. வைத்த இடம்தான் அப்படி. வெம்ப்ளியில் தலைக்குமேல் கைதட்டிவிட்டு அதே உற்சாகத்தில் வெளியே வருகிறவர்களுக்கு எதிரிலேயே டி-ஷர்ட் கடை தெரியும். சிலர் நின்று படிப்பார்கள். நிறையப் பேர் நிற்பதில்லை.

கொண்டாட வந்தவர்களிடம் கொண்டாட்டத்தைக் கொடுத்தோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று ஒரு நாள் தோன்றும். சாவை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டு எதை வாழ்க்கை என்கிறோம் என்று மறுநாள் தோன்றும். இன்னொரு முறை இதே வேலை வந்தால் பஞ்ச்கனியை விட்டுத்தர மாட்டேன், அது நிச்சயம். அறிக்கையைப் பெரிய சுவருக்குக் கொண்டுவரச் சொல்வேனா? முகம் வேண்டாம், இருட்டில் எழுத்து மட்டும் என்றால் சொல்வேன் என்று நினைக்கிறேன். ஆனால் அப்போதும் யாராவது அந்த நிமிடத்தில்தான் குழந்தையோடு உள்ளே வருவார்கள். அதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.