பட்டாவில் வந்த ஆட்டின் காது

கிளிநொச்சிப் பக்கம் ஆடு வாங்கினால் பட்டா என்கிற சின்ன லொறியில்தான் ஏற்றி வருவோம். பரந்தன், ஆனையிறவு, கொடிகாமம் வரைக்கும் காபெட் றோட்டு, கவலையில்லை. எங்கள் ஊர்க் குச்சொழுங்கைக்குள் திரும்பிய பிறகுதான் ஆட்டுக்கும் சீவன் போகும், எனக்கும் போகும்.

இறக்கிவிட்டால் ஜமுனாபாரி இனப் பெட்டை ஆடு நாலு காலையும் அகட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். பூவரசங்குழை காட்டினாலும் அசையாது. “கால் விறைச்சுப் போச்சு தம்பி, இழுக்காதை” என்பார் பக்கத்து வீட்டு அண்ணை. இழுக்கக்கூடாது, சரி. ஆனால் காலை மட்டும் குறை சொல்ல முடியாது, காதுக்குள்ளும் பார்க்க வேண்டும்.

உடம்பின் சமநிலையைப் பார்க்கிற உறுப்பு உட்காதில்தான் இருக்கிறது. அங்கே மூன்று அரைவட்டக் குழாய்கள். தலை திரும்புவதை அவை அறியும். பக்கத்திலேயே இரண்டு சிறு பைகள். அவற்றுக்குள் கூழ் போன்ற படலத்தின் மேல் கல்சியம் காபனேற்றுப் படிகங்கள் கிடக்கும். சுண்ணாம்புக்குச் சுடுகிற சிப்பியில் இருப்பதும் அதே சரக்குத்தான். உடம்பு குலுங்கும்போது பாரமான படிகங்கள் கொஞ்சம் பின்தங்கும், அடியிலுள்ள மயிர்க்கலங்கள் வளையும், நரம்பு மூளைக்குச் சொல்லும்.

சிட்னியில் இயன் கர்தோய்ஸ் குழுவினர் கினிப்பன்றியின் மண்டையோட்டை நொடிக்கு 500 தடவை அதிரவைத்துப் பார்த்தார்கள். 2006இல் வெளிவந்த ஆய்வு. படிகப் பைகளின் நரம்புகள் துடித்தன. அரைவட்டக் குழாய்களின் நரம்புகள் பெரும்பாலும் சும்மா இருந்தன. எங்கள் பட்டா அந்த வேகத்தில் அதிராதுதான். (சாரதியைக் கேட்டால் அதிர்வதே இல்லை என்பார்.)

குமட்டல் வேறு கதை. மனிதருக்கு வாந்தியைக் கூட்டுவது ஐந்து செக்கனுக்கு ஒருமுறை வருகிற மெதுவான ஆட்டம். நெடுந்தீவுப் படகில் போனவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எலிக்கு வாந்தியெடுக்கவே முடியாது; சுழற்றிவிட்டால் வெண்களி தின்னத் தொடங்கும். அது தின்ற அளவை வைத்துத்தான் ஆய்வாளர்கள் குமட்டலைக் கணிக்கிறார்கள். ஆட்டிடம் அப்படி ஒன்றும் பார்க்க முடியாது, அசைபோடுவதை நிறுத்தினால் நாங்களே யோசிக்க வேண்டியதுதான்.

நான் இப்போது பட்டாவின் தட்டில் மணல் போட்டு மேலே வைக்கோல் பரப்புகிறேன். சமநிலைக்குக் காது மட்டுமல்ல, கண்ணும் காலும் சேர்ந்தே சேதி சொல்கின்றன. குளம்பு வழுக்காவிட்டால் அந்தச் சேதியாவது ஒழுங்காகப் போகும். இறக்கியதும் நிழலில் விட்டுவிடுவேன், தானாக நடக்கத் தொடங்கும். அடுத்த நாளும் தலை ஒரு பக்கம் சரிந்து, ஒரே பக்கமாகச் சுற்றி, வாய்நீர் வடிந்தால் பயணத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு இருக்காதீர்கள். லிஸ்டீரியாக் கிருமி மூளைக்கு ஏறினாலும் அப்படித்தான் இருக்கும். உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள்.