தாத்தாவின் 23 தாள்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தாத்தா பலகையில் வரைந்த பெரிய ஓவியம் இருக்கிறது. பர்மாவில் இந்திய தேசிய ராணுவத்தினர் வரிசையாக நடந்து போகிறார்கள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்த தாத்தா, 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்த பிறகு படையில் சேர்ந்தார். திரும்பி வந்து பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தார்.

போன வருஷம் பாட்டியின் டிரங்குப் பெட்டியில் அந்த ஓவியத்துக்கான முன்வரைவுகள் கிடைத்தன. பென்சிலில் 23 தாள்கள், துருப்பிடித்த கிளிப்பில்.

பத்திரமாக இருக்கட்டுமே என்று ஒரு தாளை நகல் கடையில் லேமினேட் செய்யக் கொடுத்தேன். சூட்டில் பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிக்கொண்டது. இனி பிரிக்க முடியாது. இன்றும் அதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. பழைய தாள் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து லேமினேட் பக்கமே போகாதீர்கள். செலோடேப்பும் வேண்டாம், பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும்.

மிச்சம் 22. கிளிப்பை இழுக்காமல், தாளுக்கும் கம்பிக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகிக் கழற்றினேன். மென்மையான தூரிகையால் தூசி தட்டினேன். அழிரப்பரைத் தொடவே இல்லை. ஜன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் படம் எடுத்தேன். அப்புறம் அமிலமில்லாத தாளை இடையிடையே வைத்துப் பெட்டியில் படுக்கையாக அடுக்கினேன். நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சிலிக்கா பொட்டலமும் போட்டேன்.

வரிசைப்படுத்தத்தான் நாளாயிற்று. சில தாள்களில் கட்டம் போட்டிருந்தார். சின்னப் படத்தைப் பெரிதாக்க ஓவியர்கள் அப்படித்தான் செய்வார்கள். கட்டத்தை வைத்தே எந்தத் தாள் ஓவியத்தின் எந்த மூலை என்று பொருத்தினேன். ஓரங்களில் அவர் கையெழுத்து: "வலது தோள் இறங்கணும்." "நீலம் வேண்டாம், சேத்து நிறம்."

ஒரு தாள் மட்டும் எங்கேயும் பொருந்தவில்லை. அதில் ஒரு கால். சாக்குத் துணி சுற்றி, கணுக்காலில் கொடியால் கட்டியிருக்கிறது. பெருவிரல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, நகமில்லாமல். அதே காலை நான்கு முறை வரைந்திருக்கிறார். ஓவியத்தில் எல்லோருமே பூட்ஸ் போட்டிருக்கிறார்கள்.

1945 ஏப்ரலில் நேதாஜி ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, மேஜர் ஜெனரல் லோகநாதன் தலைமையில் நகரத்தைக் காக்க நின்ற படையில் தாத்தாவும் இருந்தார். அது மட்டும்தான் வீட்டில் எங்களுக்குத் தெரியும். ரங்கூன் வந்து சேர்ந்த நடையைப் பற்றி அவர் வாய் திறந்ததே இல்லை. எனக்கு ஓவியத்தைவிட இந்தத் தாள்தான் பெரிது.

அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தாத்தா கால்தாம்மா இது."

பின்பக்க மூலையில் பென்சிலால் 22 என்று எழுதி, எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன்.