வளைந்த ஸ்டென்ட்: முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி

போன வாரம் வைவா முடிந்தது. எம்.இ. புராஜெக்டுக்கு நான் எடுத்த வேலை, ஒரு நோயாளியின் இடுப்பு ரத்தக் குழாய்க்கென்றே வளைந்த ஸ்டென்ட் (குழாயை உள்ளிருந்து விரித்துப் பிடிக்கும் உலோக வலை) ஒன்றை வடிவமைத்து, சிலிக்கோன் மாதிரிக் குழாயில் விரித்துக் காட்டுவது. உடம்புக்குள் வைப்பதற்கு அல்ல, மேசைச் சோதனை வரைதான். இரண்டு செமஸ்டரில் முடிய வேண்டியது, மூன்றாவதையும் விழுங்கியது. இதே பக்கம் வருகிறவர்களுக்கு அந்த ஆறு மாதமாவது மிஞ்சட்டும்.

ஏன் வளைந்தது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வயதானவர்களுக்கு இடுப்புத் தமனி ஆற்று வளைவு போல நெளிந்து போயிருக்கும். அதற்குள் நேரான ஸ்டென்ட் வைத்தால் அது குழாயை நிமிர்த்தப் பார்க்கும். நடுவில் நிமிர்ந்த வளைவு, ஸ்டென்ட் முடிகிற இடத்தில் மடிப்பாக வந்து நிற்கும். மடிப்பில் ரத்த ஓட்டம் கெடும்.

முதல் அடி ஸ்கேனில் விழுந்தது. ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமுக்கு முதல்முறை போனபோது, துறைத் தலைவர் கடிதத்தில் எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். அது என் தவறு. இரண்டாம் முறை கொடுத்த குறுந்தகட்டில் வெறும் ஜேபெக் படங்கள். மறுபடி போய் நின்றேன். "ஏம்மா, படம்தானே கேட்டீங்க, படம் குடுத்தாச்சுல்ல?" என்றார் அங்கிருந்தவர். டைகாம் என்றால் அளவுகளோடு சேர்ந்த அசல் ஸ்கேன் கோப்பு என்று அவருக்கு விளக்கி, அது கைக்கு வர இரண்டு வாரம். வீட்டுக்கு வந்து திறந்தால், எல்லாம் 5 மி.மீ. ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படமும் 5 மி.மீ. தடிமன். குழாயின் விட்டமே 8 மி.மீ. தான். வளைவு மாடிப்படி மாதிரி தெரிந்தது. மெல்லிய ஸ்லைஸ்களை ஸ்கேன் கணினி சில நாள்தான் வைத்திருக்குமாம், அழிந்துவிட்டன. அழுகையே வந்தது. சம்மதம் கொடுத்த நோயாளியை விட்டு, வேறொருவரிடம் புதிதாகச் சம்மதம் வாங்கி ஆரம்பித்தோம்.

ஆகவே ரெக்கார்ட் ரூமுக்குப் போகாதீர்கள். ஸ்கேன் எடுக்கிற அன்றே சி.டி. ஸ்கேன் டெக்னீஷியனைப் பார்த்து, 1 மி.மீ. அல்லது அதற்கும் மெல்லிய ஸ்லைஸ், பெயர் நீக்கிய டைகாம் என்று கேளுங்கள். எனக்கு அந்த அண்ணன் பத்து நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார்.

3டி ஸ்லைசர் மென்பொருளில் குழாயைப் பிரித்தெடுப்பது சிரமமில்லை. சுவரில் படிந்த கால்சியமும் மருந்து ஏறிய ரத்தமும் ஒரே வெள்ளையாகத் தெரியும், அதை மட்டும் கையால் பிரியுங்கள். இல்லையென்றால் விட்டம் பெரிதாகக் கிடைக்கும்.

வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒரு சின்னக் கணக்கு. குழாயைவிட 1 மி.மீ. பெரிதாக, 9 மி.மீ. விட்டத்தில் ஸ்டென்ட் எடுத்தோம். அதை 90 டிகிரி வளைத்தால் வெளிப்பக்கம் உள்பக்கத்தைவிட ஏறத்தாழ 14 மி.மீ. நீளமாகிவிடும். பெரிய வளைவோ சின்ன வளைவோ, இந்த வித்தியாசம் மாறாது. கோணமும் விட்டமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. அந்த 14 மி.மீ.க்கு இடம் ஒதுக்கவில்லை என்றால் உள்பக்க வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று மீன் செதில் போல ஏறும், வெளிப்பக்கம் இடைவெளி விட்டுப் பிளக்கும். அதனால் வளையங்களை இணைக்கும் கம்பிகளை வெளிப்பக்கத்தில் நீளமாக, பாம்பு போல நெளித்தும், உள்பக்கத்தில் குட்டையாகவும் வைத்தேன். கணினியில் 40 கோடி நாடித் துடிப்பு, அதாவது பத்து வருடக் கணக்கு, தாங்கியது.

லேசரில் வெட்டிய நிட்டினால் (சூட்டில் தன் வடிவத்துக்குத் திரும்பும் நிக்கல்-டைட்டானியம் கலவை) குழாய் நேராகத்தான் வரும். அதை வளைந்த உருளையில் மாட்டி 500 டிகிரி செல்சியஸில் சுட்டால்தான் அந்த வடிவம் நிற்கும். கோவை கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையில் கனமான எஃகு உருளை செய்து வாங்கினேன். முதல் தடவை ஒரேயடியாக 90 டிகிரிக்கு வளைத்ததில் இரண்டு இணைப்புகள் முறிந்தன. அடுத்ததை 30, 60, 90 என்று மூன்று படியாக வளைத்து, படிக்குப் பத்து நிமிடம் சுட்டேன். எடுத்ததும் பாதி நிமிர்ந்துவிட்டது, கனமான எஃகுக்குள் சூடே ஏறவில்லை. சரி என்று நாற்பது நிமிடம் வைத்தேன். வடிவம் நின்றது, ஆனால் 37 டிகிரி தண்ணீரில் போட்டால் சோர்ந்துபோய்ப் பாதிதான் விரிந்தது. கொதிக்கிற தண்ணீரில் போட்டதும் படக்கென்று விரிந்தது. அதிக நேரம் சுட்டால் அது முழுதாக விரியும் வெப்பநிலை உடல் சூட்டைத் தாண்டிவிடும். கடைசியில், உள்ளீடற்ற மெல்லிய உருளை, ஸ்டென்ட்டை ஒட்டியே சூட்டை அளக்க ஒரு தெர்மோகப்பிள், அது 500 காட்டிய பிறகே நேரக் கணக்கு, எடுத்த நொடியே தண்ணீரில் முக்குவது. அதன் பிறகு ஒன்றுகூட வீணாகவில்லை.

இவ்வளவும் முடித்து, ஸ்டென்ட் வைக்கிற டாக்டரிடம் கொண்டுபோய் மாதிரிக் குழாயில் விரித்தோம். ஸ்டென்ட் கால் சுற்று திரும்பி விரிந்தது. குழாய் ஒரு பக்கம் வளைய, ஸ்டென்ட் இன்னொரு பக்கம் இழுத்தது. நேரான ஸ்டென்ட்டே மேல். டாக்டர் அமைதியாகக் கேட்டார்: "வெளி வளைவு எந்தப் பக்கம் இருக்குன்னு எக்ஸ்-ரேயில எனக்கு எப்படிம்மா தெரியும்?"

என்னிடமோ கைடிடமோ பதில் இல்லை. ஒரு வருடமாக வடிவத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம். சுருக்கி, உடம்புக்குள் கொண்டுபோகும் மெல்லிய குழலான கதீட்டருக்குள் அடைத்துவிட்டால் எல்லா ஸ்டென்ட்டும் ஒரு நேர்க்குச்சிதான்.

இரு முனைகளிலும், எக்ஸ்-ரேயில் தெரியும் டான்டலம் உலோகப் புள்ளிகள் பதிக்கச் சின்னத் துளைகள் வைத்து மறுபடி வரைந்தேன். வெளிப்பக்கம் இரண்டு புள்ளி, உள்பக்கம் ஒன்று. லேசர் வெட்டுக்கு மறுபடி பணம், மறுபடி ஐந்து வாரம். அதே பக்கத் தொடை வழியாக நுழைந்தால்தான் கையில் திருப்புவது நுனி வரை போகும், எதிர்ப்பக்கம் சுற்றி வந்தால் போகாது என்பதையும் டாக்டர்தான் சொன்னார். லேசருக்கு அனுப்பும் முன்பே, ஒரு பென்சில் படத்தை எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் அதைச் செய்துவிடுங்கள்.

கடைசிச் சோதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை, சி-ஆர்ம் என்ற நேரடி எக்ஸ்-ரே கருவியின் அடியில். திரையில் இரண்டு புள்ளியும் வெளி வளைவில் உட்காரும்வரை டாக்டர் மெதுவாகத் திருப்பினார், பிறகு உறையை இழுத்தார். குழாயின் வளைவு அப்படியே நின்றது. உள்பக்கத்தில் ஒரு வளையம்கூட ஏறவில்லை.

"இன்னொரு தடவை பண்ணிப் பார்க்கலாமா?" என்றார். ஸ்டென்ட்டை வெளியே எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டு, அது மெத்தென்று ஆனதும் மறுபடி சுருக்க ஆரம்பித்தேன்.