கழிச்சல் கண்ட கிடைக்கு எந்த டெஸ்ட் எடுக்கணும்? மூணு வாரம் அலைஞ்ச அனுபவம்

எங்க ஊரு திருமங்கலத்துக்கு மேக்க, பேரையூர் போற பக்கம். செம்மறி மட்டும்தான் வச்சிருக்கோம், போன வருஷம் மொத்தம் 74 உருப்படி, பாதி கச்சைகட்டி கருப்பு, மீதி ராமநாதபுரம் வெள்ளைக் கலப்பு. கச்சைகட்டிங்கிறது நம்ம வாடிப்பட்டி பக்கத்து ஊருதான், மதுரை மாவட்டத்துக்குன்னே இருக்கிற ஆட்டு இனம், அதை விடக்கூடாதுன்னு எங்க தாத்தா காலத்துல இருந்து வச்சிருக்கோம். அந்தக் கிடையில மூணு வாரத்துல 9 ஆடு போச்சு. எந்த டெஸ்ட்டை எப்ப எடுக்கணும்னு அன்னைக்குத் தெரிஞ்சிருந்தா அதுல பாதியையாவது காப்பாத்திருப்பேன்னு இன்னைக்கும் மனசுல இருக்கு, அதான் நடந்ததை நடந்தபடி எழுதுறேன்.

ஐப்பசி கார்த்திகையில நல்ல மழை, கண்மாய் நிறைஞ்சுச்சு. மார்கழி கடைசியில தண்ணி வத்த ஆரம்பிச்சு ஓரத்துல பச்சைப்பசேல்னு புல்லு. எல்லாரும் அங்கதான் ஓட்டுவோம். பொங்கலுக்கு முன்னாடி ரெண்டு வளர்ந்த குட்டிக்குக் கழிச்சல் ஆரம்பிச்சது, புழுக்கையே இல்ல, தண்ணியா பீச்சுது, பக்கத்துல நிக்க முடியாத நாத்தம். நாலஞ்சு நாள்ல பெரிய ஆட்டுக்கும் வந்துருச்சு, சிலதுக்குத் தாடைக்குக் கீழ பை மாதிரி வீங்குச்சு, தீனி எடுக்கல, தண்ணிய மட்டும் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

சித்தப்பா பாத்ததுமே "இது ஆட்டுக்கொல்லிடா, கழியுதுல்ல, வேற என்ன"ன்னாரு. எனக்கும் அந்தப் பயம்தான், ஏன்னா பிபிஆர்ங்கிற அந்த நோய் இந்தியாவுலயே முதல்ல 1987ல நம்ம தமிழ்நாட்டுல விழுப்புரம் பக்கம் அரசூர்லதான் கண்டுபிடிச்சாங்க, பழைய ஆளுக கிடை கிடையா செத்த கதைய இப்பவும் சொல்லுவாங்க. எங்க கால்நடை மருந்தக டாக்டரம்மா அந்த வாரம் தடுப்பூசி கேம்ப்ல இருந்தாங்க, போன் எடுக்க முடியல, நான் பொறுக்காம அஞ்சு ஆட்டுல ரத்தம் எடுக்கச் சொல்லி ஒரு தனியார் லேப்ல குடுத்துட்டேன். மூவாயிரத்துச் சொச்சம் ஆச்சு. நாலு நாள் கழிச்சு ரிசல்ட் வந்துச்சு, அஞ்சுல நாலு பிபிஆர் பாசிட்டிவ்.

வீட்ல எல்லாருக்கும் கை கால் ஓடல. நான் மிச்ச ஆட்டை வந்த விலைக்குத் தள்ளிரலாமான்னு வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தைக்கு வண்டி கூடப் பேசிட்டேன். அதுக்குள்ள டாக்டரம்மா திரும்ப வந்துட்டாங்க, சீட்டை வாங்கிப் பாத்துட்டு அவங்க கேட்ட முதல் கேள்வி, "தம்பி, போன கேம்ப்ல இந்த ஆட்டுக்கெல்லாம் ஊசி போட்டோமே, அதை லேப்ல சொன்னீங்களா?"

சொல்லல. அவங்களும் கேக்கல.

அப்பதான் விவரமா உக்கார வச்சுச் சொன்னாங்க. அந்த லேப் பாத்தது நோய்க்கிருமிய இல்ல, ரத்தத்துல இருக்கிற எதிர்ப்புச் சக்திய. பிபிஆர் தடுப்பூசி போட்ட ஆட்டுக்கு அந்த எதிர்ப்புச் சக்தி சுமாரா மூணு வருஷம் இருக்கும், அது ஊசியால வந்ததா நோயால வந்ததான்னு அந்த எலைசா டெஸ்ட்டால பிரிச்சுச் சொல்ல முடியாது. நாலு பாசிட்டிவ்னா நாலு ஆட்டுல ஊசி நல்லா வேலை செஞ்சிருக்குன்னுதான் அர்த்தம், சந்தோஷப்பட வேண்டிய ரிசல்ட்டைப் பாத்துத்தான் நான் ஆட்டை விக்கக் கெளம்புனேன். நெசமாவே ஆட்டுக்கொல்லி சந்தேகம்னா ரத்தத்தை விட முதல்ல வேண்டியது கண்ணு, மூக்கு, வாயில பஞ்சுக்குச்சிய வச்சு எடுக்கிற ஸ்வாப், அதுவும் காய்ச்சல் அடிக்கிற முதல் சில நாள்ல, சாகப்போற ஆட்டுல இல்ல, புதுசா காய்ச்சல் கண்ட ஆட்டுல எடுக்கணும், ஐஸ் போட்டு அனுப்பணும், அதுலதான் கிருமியப் பாக்கிற எலைசாவோ பிசிஆரோ பண்ண முடியும். எங்க ஆடுகளுக்குக் காய்ச்சலும் இல்ல, வாய்ப்புண்ணும் இல்ல, கண்ணுல பீளையும் இல்ல. தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தப்ப எல்லாம் சாதாரணம். 100 ரூபா தெர்மாமீட்டர்ல தெரிய வேண்டியதுக்கு மூவாயிரம் செலவு பண்ணிருக்கேன்.

அடுத்து சாணி டெஸ்ட். இதுலயும் ஒரு தப்பு நடந்துச்சு. பட்டியில தரையில கிடந்ததை அள்ளி கவர்ல போட்டுக் குடுத்தேன், ரிசல்ட்ல சராசரியா ஒரு கிராமுக்கு 250 புழு முட்டை, பெருசா ஒண்ணும் இல்லன்னு வந்துச்சு. நானும் அப்ப புழு இல்லன்னு முடிவு பண்ணிட்டேன். அதுக்குள்ள ஆறு ஆடு போயிருச்சு.

ஏழாவது ஆடு விடியக்காலைல செத்துச்சு, உடனே போன் பண்ணேன், டாக்டரம்மா "யாரும் அறுக்காதீங்க, நான் வர்ற வரைக்கும் நிழல்ல போட்டு வைங்க"ன்னாங்க. வந்ததும் முதல்ல காதுல குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லுல தடவிப் பாத்து அடைப்பான், அதான் ஆந்த்ராக்ஸ், இல்லன்னு உறுதி பண்ணிட்டுத்தான் கத்திய எடுத்தாங்க. இது நம்ம ஆளுக முக்கியமா தெரிஞ்சுக்கணும், திடீர்னு செத்து, வயிறு உப்பி, மூக்கு ஆசனவாயில உறையாத கறுத்த ரத்தம் வந்தா அந்த ஆட்டை அறுக்கவே கூடாது, தோலும் உரிக்கக்கூடாது, அடைப்பான் மனுசனுக்கும் வரும், காத்துப் பட்டா அந்தக் கிருமி மண்ணுல வருஷக்கணக்கா கிடக்கும்.

குடலைத் திறந்ததும் தெரிஞ்சு போச்சு. இரைப்பைக்கு அடுத்த முன்குடல் வீங்கிச் சிவந்து கிடக்கு, அந்தச் சவ்வுல அரிசிக் குருணை மாதிரி இளஞ்சிவப்பா குட்டிக் குட்டியா ஒட்டிக்கிட்டு இருக்கு, நூத்துக்கணக்குல. தட்டைப்புழுக் குஞ்சு. கண்மாய் நத்தையில வளந்து, ஓரத்துப் புல்லுல ஒட்டிக்கிட்டு, ஆடு மேயுறப்ப உள்ள போறது.

"சாணியில ஏன்மா தெரியல"ன்னு கேட்டேன், குரல் உடைஞ்சு போச்சு எனக்கு. ரெண்டு காரணம் சொன்னாங்க. ஒண்ணு, ஆட்டைக் கொல்றது குஞ்சுப் புழு, அது பெருசாகி முட்டை போட ரெண்டு மூணு மாசம் ஆகும், அதுக்குள்ள ஆடு செத்துரும், முட்டையே இல்லாதப்ப முட்டையத் தேடி என்ன பண்றது. ரெண்டு, அந்த லேப்ல பண்ணது மிதக்க விடுற முறை, உப்புத் தண்ணியில சாணியக் கலக்குனா உருண்டைப்புழு முட்டை மேல மிதக்கும், தட்டைப்புழு முட்டை கனம் ஜாஸ்தி, அடியில தங்கிரும், அதுக்கு வண்டல் படிய வச்சுப் பாக்கிற முறைன்னு தனியா இருக்கு. சாணி டெஸ்ட்னு பொதுவா எழுதிக் குடுத்தா எது பண்ணுவாங்கன்னு சொல்ல முடியாது, கண்மாய் ஓரம் மேயுற ஆடுன்னு சொல்லி ரெண்டும் கேக்கணும். அன்னைக்கே தண்ணியா கழிஞ்ச ஒரு ஆட்டோட சாணிய வலையில அலசிப் பாத்தோம், குஞ்சுப் புழு ரெண்டு மூணு கண்ணாலயே பாக்கிற மாதிரி கிடந்துச்சு. அந்த வேலைக்குச் செலவு ஒண்ணும் இல்ல.

நான் நடுவுல ஊத்துன அல்பெண்டசோலும் ஐவர்மெக்டினும் இந்தக் குஞ்சுக்குக் கேக்காது. ஆக்சிக்ளோசனைடு மருந்தை ஆட்டோட எடைக்குத் தகுந்த மாதிரி அவங்க அளவு போட்டுக் குடுத்தாங்க, மூணு நாள் விட்டு இன்னொரு தடவை. அதுக்கப்புறமும் ஏற்கனவே ஒடுங்கிப் போயிருந்த ரெண்டு ஆடு தாங்கல. மத்ததெல்லாம் ஒரு வாரத்துல புழுக்கை போட ஆரம்பிச்சது. அந்தப் புழுக்கையப் பாத்து அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

இதுக்கப்புறம்தான் நான் ஒவ்வொரு டெஸ்ட்டையும் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன், டாக்டரம்மா கிட்ட, மாவட்ட நோய் புலனாய்வுப் பிரிவு ஆளுக கிட்ட, அப்புறம் திருப்பரங்குன்றத்துல இருக்கிற கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்துல. இப்ப நான் எந்த டெஸ்ட்டா இருந்தாலும் முதல்ல என்னையே கேட்டுக்கிறது, பாசிட்டிவ்னா என்ன செய்வேன், நெகட்டிவ்னா என்ன செய்வேன். ரெண்டுக்கும் ஒரே பதில்னா அந்த டெஸ்ட் வேண்டாம்.

குடற்புழு விஷயத்துல இது ரொம்பப் பிரயோஜனமா இருந்துச்சு. ரத்தம் குடிக்கிற வயித்துப்புழு இருக்கே, அதுக்கும் தாடை வீங்கும், ஆனா பெரும்பாலும் கழிச்சல் இருக்காது, ஆடு வெளுத்துப் போகும். கீழ்க்கண் இமைய இழுத்து உள்சதை நிறத்தை ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் உள்ள கலர் அட்டையோட ஒப்பிட்டுப் பாக்கிறது, ஃபமாச்சான்னு பேரு, தென்னாப்பிரிக்காவுல உண்டாக்குனது. நாலு, அஞ்சு இருக்கிற ஆட்டுக்குக் கட்டாயம் மருந்து, ஒண்ணு ரெண்டுக்கு வேண்டாம், மூணுன்னா ஆட்டோட உடம்பு வாகைப் பாத்து முடிவு. எல்லாத்துக்கும் மாசாமாசம் ஊத்துனா மருந்து கேக்காமப் போயிரும். எங்க பட்டியில ஏற்கனவே போயிருச்சுன்னு டெஸ்ட்லதான் தெரிஞ்சது, மருந்து ஊத்துறதுக்கு முன்னாடி 12 ஆட்டோட சாணிய எடுத்து எண்ணுனப்ப ஒரு கிராமுக்குச் சராசரி 800 முட்டை, அதே 12 ஆட்டை 14 நாள் கழிச்சு எண்ணுனா 420. நல்லா கேக்குற மருந்துன்னா 95 சதவீதத்துக்கு மேல குறையணும், இங்க பாதி கூடக் குறையல. பத்து வருஷமா அந்த பாட்டிலைத்தான் வாங்கிக்கிட்டு இருந்தோம், இப்ப வேற மருந்துக்கு மாத்திட்டோம்.

சாணி எடுக்கிறதுன்னா உறை போட்டு ஆசனவாயில இருந்தே எடுக்கணும், தரையில இருந்து இல்ல. தரையில மண்ணுல வாழுற புழுவும் சேந்துரும், எது எந்த ஆட்டுதுன்னும் தெரியாது. கவர்ல காத்தை அமுக்கி எடுத்துட்டு ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே குடுத்துரணும், நம்ம ஊரு வெயிலுக்கு முட்டை பொரிஞ்சு போச்சுன்னா எண்ணிக்கை கம்மியா காட்டும், ஃப்ரீசர்லயும் வைக்கக்கூடாது.

நல்லா கொழுத்த குட்டி ராத்திரி நல்லா இருந்து காலைல செத்துக் கிடந்தா குடல்ல கிருமி விஷத்தை உண்டாக்குற துள்ளுமாரி நோயை நினைக்கணும். அதுக்குச் சாணியும் வேண்டாம், ரத்தமும் வேண்டாம். செத்த கொஞ்ச நேரத்துக்குள்ள சிறுகுடல் துண்டை ரெண்டு பக்கமும் நூல் கட்டி உள்ள இருக்கிற தண்ணியோட எடுத்து அனுப்பணும், அதுல விஷம் இருக்கான்னு பாப்பாங்க. கிருமி இருக்குன்னு மட்டும் ரிசல்ட் வந்தா பத்தாது, அந்தக் கிருமி நல்லா இருக்கிற ஆட்டுக் குடல்லயும் இருக்கும், விஷம்தான் கணக்கு.

நீலநாக்கு நோய்க்கும் பிபிஆர் கதைதான். ஈ கொசு மாதிரி சின்னப் பூச்சி கடிச்சு வர்றது, மழைக்கப்புறம் நம்ம பக்கம் ஜாஸ்தி, ரத்தத்துல எதிர்ப்புச் சக்தி இருந்தா எப்பவோ வந்து போயிருக்குன்னுதான் தெரியும், இப்ப வந்திருக்கான்னு பாக்க ஊதா மூடி டியூப்ல உறையாத ரத்தம் எடுத்து பிசிஆர் பண்ணனும்.

சித்திரையில மூணு சினை ஆடு அடுத்தடுத்து நாலாம் மாசத்துல குட்டிய வீசிருச்சு, அதாவது கரு கலைஞ்சிருச்சு. அம்மாதான் எப்பவும் பிரசவம் பாப்பாங்க, வெறுங்கையில நஞ்சுக்கொடிய எடுத்துப் போட்டிருக்காங்க. குட்டி வீச வைக்கிற புருசெல்லா நோயா இருந்தா மனுசனுக்கும் வரும்னு கேட்டதும் எனக்குத் தூக்கம் போச்சு. மூணு ஆட்டுக்கும் கிடாவுக்கும் சிவப்பு மூடி டியூப்ல ரத்தம் எடுத்து ரோஸ் பெங்கால் டெஸ்ட் பண்ணோம், நெகட்டிவ். வீசுன உடனே எடுத்தா சில ஆட்டுல எதிர்ப்புச் சக்தி ஏறியிருக்காதுன்னு மூணு வாரம் கழிச்சுத் திரும்ப எடுக்கச் சொன்னாங்க, அப்பவும் நெகட்டிவ். அம்மாவையும் மதுரை ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பாத்தோம், ஒண்ணும் இல்ல. ஆனா வேற எதனால வீசுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, ஏன்னா கருவையும் நஞ்சுக்கொடியையும் அன்னைக்கே புதைச்சுட்டோம், பதில் அதுலதான் இருந்திருக்கும். இப்ப அம்மா கையுறை இல்லாம பிரசவம் பாக்கிறதில்ல, வீசுன கருவை ரெண்டு கவர்ல கட்டி ஐஸ்ல வச்சுட்டு டாக்டருக்குப் போன் போடுறதுன்னு வீட்ல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்கேன்.

எத்தனை ஆட்டுல எடுக்கணும்னும் நிறைய பேர் கேக்குறாங்க. 100 ஆட்டுக் கிடையில 10 ஆட்டுக்கு ஒரு நோய் இருக்குன்னா, அதுல ஒண்ணையாவது பிடிக்க 95 சதவீதம் வாய்ப்பு வேணும்னா 25 ஆட்டுல எடுக்கணும். நாலஞ்சு ஆட்டுல எடுத்து நெகட்டிவ்னு வந்ததும் பட்டியே சுத்தம்னு சொல்லிக்கக் கூடாது. சந்தையில வாங்குற கிடாவுக்குத் தனியா புருசெல்லா பாத்துட்டு, ஒரு மாசம் தனிக் கொட்டில்ல வச்சுத்தான் கிடைக்குள்ள விடுறேன்.

இப்பக் கார்த்திகை. கண்மாய் திரும்ப நிறைஞ்சு நிக்கிது. தண்ணி வத்துனாலும் அந்த ஓரத்துக்கு ஓட்டக்கூடாதுன்னு சித்தப்பா கிட்டயும் பக்கத்துக் கிடைக்காரங்க நாலு பேருகிட்டயும் பேசியாச்சு, மேட்டுக் கரட்டுப் பக்கம் மேய்ச்சுட்டு சாயங்காலம் அகத்தியும் சோளத்தட்டையும் போடுறோம். திங்கக்கிழமை காலைல 12 ஆட்டுக்குச் சாணி எடுக்கிறேன், மிதக்குறதும் படியுறதும் ரெண்டும் பாக்கணும்னு சீட்டுல பெருசா எழுதி வச்சாச்சு, தெர்மாகோல் பெட்டி கொட்டில் மூலையில கழுவிக் கவுத்தி இருக்கு.