கோப்பையில் இருந்த உப்புக் கோடு போய்விட்டது, விளிம்புத் துளைகள் பாக்கி

இன்று காலை எழுந்ததும் நேராகப் பின்பக்க டாய்லெட்டுக்குப் போய் டார்ச் அடித்துப் பார்த்தேன். தண்ணீர் நிற்கும் மட்டத்தில் சுற்றி ஓடிய பழுப்புக் கோடு இல்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் கீறினேன். முன்பெல்லாம் அந்த இடத்தில் நகம் தட்டும், சொரசொரவென்று இருக்கும். இன்று வழுக்கிக்கொண்டு போனது. ஏழு வாரமாக நான் எதிர்பார்த்தது இதைத்தான்.

ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் சரியாகப் பயன்படுத்தாத டாய்லெட் அது. வருவது உப்புத் தண்ணீர். சொட்டுச் சோதனைப் பெட்டியில் பார்த்தால் கடினத்தன்மை லிட்டருக்கு 380 மில்லிகிராம் காட்டியது. 180-ஐத் தாண்டினாலே மிகக் கடினம் என்ற கணக்கில் இது இரண்டு மடங்குக்கும் மேல். அப்படிப்பட்ட தண்ணீர் மாதக்கணக்கில் ஒரே மட்டத்தில் நின்று, ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, கரைந்திருந்த கால்சியத்தை அங்கேயே சுண்ணாம்புப் படிவாக விட்டுவிட்டுப் போயிருக்கிறது. கோடு சில இடங்களில் 2 மில்லிமீட்டர் தடிமன். பின்சுவரில் விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் நாக்கு மாதிரி ஒரு காவிப் பட்டை வேறு.

முதல் மூன்று வாரமும் தோல்விதான். நான் செய்த தப்பைப் பலரும் செய்வதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். கடையில் கிடைக்கும் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட் கலந்த திரவத்தைக் கோப்பையில் ஊற்றி ஊறவிட்டேன். கோப்பைக்குள் சுமார் 2 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. அதில் 100 மில்லி ஊற்றினால் ஆசிட்டின் அடர்த்தி அரை சதவீதம்கூட இல்லை. ஆசிட்டைக் குறை சொல்லி என்ன பயன், தண்ணீரை வெளியேற்றாமல் ஊற்றியது என் தப்பு. அடுத்து வினிகரையும் சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றினேன். நன்றாகப் பொங்கும், பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒன்றை ஒன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் உப்புக் கரைசல்தான். சுண்ணாம்பைக் கரைக்க வேண்டிய ஆசிட்டை நாமே கொன்றுவிடுகிறோம்.

மூன்றாவது வாரம் பிளீச்சிங் திரவம். கோடு வெள்ளையாகிவிட்டது, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். பத்து நாளில் அதே பழுப்பு திரும்ப வந்தது. பிளீச் நிறத்தை மட்டும்தான் எடுக்கும், சுண்ணாம்பை ஒன்றும் செய்யாது. அந்தச் சொரசொரப்பு அப்படியே இருக்க, அழுக்கு மறுபடி வந்து ஒட்டிக்கொள்ளும். பிளீச் போட்ட கோப்பையில் அதன் பிறகு எந்த ஆசிட்டைத் தொடுவதாக இருந்தாலும் நாலைந்து முறை ஃப்ளஷ் செய்து, ஒரு நாள் விட்டுத்தான் தொட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். மூடிய சின்ன அறையில் அது உயிருக்கே ஆபத்து.

நான்காவது வாரம் ஒரு சின்ன விஷயம் கண்ணைத் திறந்துவிட்டது. பிளாஸ்டிக் சுரண்டியால் தள்ளும்போது கோட்டிலிருந்து கால் நகம் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்து வந்தது. அதன் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக இருந்தது. வெள்ளை, பழுப்பு, வெள்ளை, பழுப்பு. கண்ணாடி டம்ளரில் வினிகர் ஊற்றி அதில் போட்டேன். உடைந்த ஓரத்திலிருந்து மட்டும் குமிழி சரம் சரமாக ஏறியது. மேல்பக்கத்தில் ஒரு குமிழிகூட இல்லை. மறுநாள் காலை சில்லைக் காணோம், ஆனால் வெங்காயச் சருகு போல மெல்லிய பழுப்புத் தோல் ஒன்று மிதந்துகொண்டிருந்தது. ஆசிட் தொடாத தோல்! கிருமிப் படலம், சோப்பு அழுக்கு, இரும்புத் துரு எல்லாம் சேர்ந்த பூச்சு அது. அந்தப் பூச்சு மேலே இருக்கும் வரை கீழே இருக்கும் சுண்ணாம்பை ஆசிட் பார்க்கவே பார்க்காது.

அதனால் முதல் வேலை ஆசிட் அல்ல, அழுக்கு எடுப்பதுதான். சூடான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவமும் சலவைச் சோடாவும் கலந்து, பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்தேன். கொதிக்கிற தண்ணீர் மட்டும் வேண்டாம், சட்டென்று சூடு பட்டால் பீங்கான் விரிசல் விட்டுவிடும். கை பொறுக்கும் சூடு போதும். தேய்த்ததும் நிறையத் தண்ணீர் விட்டு அலசியாக வேண்டும். சோடா மிஞ்சினால் பின்னால் வரும் ஆசிட்டை அதுவே தின்றுவிடும்.

இனி வருவதுதான் என்னைப் பாடாய்ப் படுத்திய கட்டம். கோடு இருப்பது தண்ணீர் மட்டத்தில். கோப்பையின் தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிப்பது உள்ளே வளைந்து போகும் குழாயின் மேடு. நாம் எவ்வளவு ஊற்றினாலும் மேட்டைத் தாண்டியது வழிந்து போய்விடும். ஆக, கோட்டின் கீழ்ப்பாதி மட்டும்தான் எந்தக் கரைசலிலும் மூழ்கும். மேல்பாதி எப்போதும் காற்றில்தான் இருக்கும். மூன்று வாரம் ஊறவைத்தும் மேல்பாதி அசையாததற்குக் காரணம் இதுதான். இது புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

மேல்பாதிக்கு ஆசிட்டை ஒட்டவைத்தே ஆக வேண்டும், அதாவது பற்றுப் போட வேண்டும். டேங்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, ஒரு முறை ஃப்ளஷ் செய்து, பிளஞ்சரால் தண்ணீரைக் குழாய்க்குள் தள்ளி, மிச்சத்தை ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தேன். பிறகு டிஷ்யூ பேப்பரைச் சிட்ரிக் ஆசிட் கரைசலில் நனைத்து ஒட்டினேன். பத்து நிமிடம் நன்றாக நின்றது. அதற்குப் பிறகு கூழாகி, சரிந்து, கீழே போய்விட்டது. மக்காச்சோள மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, சூட்டோடு ஆசிட்டைக் கலந்து தடவினேன். ஆசிட் சூட்டில் மாவுச்சத்தை உடைத்துவிட்டது, கஞ்சி தண்ணீராகி ஓடியது. ஆறவைத்துக் கலந்தால் நிற்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் ஆசிட் சுண்ணாம்பு வரைக்கும் வந்து சேர ரொம்ப நேரம் பிடிக்கிறது.

கடைசியில் கைகொடுத்தது பழைய பருத்தித் துணிதான். இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து, மூன்றாக மடித்து, கரைசலில் முக்கி, லேசாகப் பிழிந்து, கோட்டின் மேல் அழுத்தி ஒட்டினேன். அதன் மேல் பாத்திரம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் உறையைப் போர்த்தி ஓரங்களை விரலால் அழுத்திவிட்டேன். அரை மணிக்கு ஒரு முறை ஊசி இல்லாத 60 மில்லி சிரிஞ்சால் உறைக்கு அடியில் புதுக் கரைசலைச் செலுத்தினேன். காதைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய சீறல் கேட்கும். சீறல் நின்றால் அந்த இடத்தில் ஆசிட் தீர்ந்துவிட்டது என்று பொருள். கண்ணைவிடக் காது இதில் சரியாக வேலை செய்தது. முகத்தைக் கிட்டே கொண்டுபோகும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆசிட் தேர்வில் ஒரு பாடம் கிடைத்தது. கணக்குப் போட்டால் 5 சதவீத வினிகர் ஒரு லிட்டர் சுமார் 40 கிராம் சுண்ணாம்பைக் கரைக்கும். சிட்ரிக் ஆசிட் 100 கிராமே 70 கிராமுக்கு மேல் கரைக்க வேண்டும். அதனால் சிட்ரிக்தான் சிறந்தது என்று இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தேன். ஒரு ராத்திரி முழுக்க விட்ட பற்றைக் காலையில் உரித்தால், துணியின் உள்பக்கமும் கோட்டின் மேலும் தயிர் போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. கரைந்த கால்சியமும் சிட்ரிக்கும் சேர்ந்த கால்சியம் சிட்ரேட் அது. தண்ணீரில் லேசில் கரையாது. மிச்சம் இருக்கும் சுண்ணாம்பின் மேல் போர்வையாக மூடிக்கொண்டு, புது ஆசிட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. சிட்ரிக்தான் வேண்டும் என்றால் ராத்திரி முழுக்க விடாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை உரித்து, பிரஷ் போட்டு அந்த வெள்ளையை எடுத்துவிட்டு, மறுபடி பற்றுப் போடுங்கள். அப்படிச் செய்தபோது பாதிக்கு மேல் போனது.

அதற்குப் பிறகு சல்ஃபாமிக் ஆசிட்டுக்கு மாறினேன். தொழிற்சாலைகளில் கொதிகலன் உப்பு எடுக்கப் பயன்படும் அதே வெள்ளைப் படிகம்தான். 100 கிராம் கரைப்பது 50 கிராம் அளவுக்குத்தான், கணக்கில் சிட்ரிக்கைவிடக் குறைவு. ஆனால் இதில் உண்டாகும் கால்சியம் சல்ஃபாமேட் தண்ணீரில் நன்றாகக் கரைந்துவிடும், போர்வை எதுவும் விழாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 120 கிராம் போட்டேன். ரொம்பச் சூடான தண்ணீரில் இது மெல்லச் சிதைந்துபோகும், அதனால் வெதுவெதுப்பே போதும். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரமாக மூன்று பற்று. மூன்றாவதை உரிக்கும்போது கோடு துணியோடு சேர்ந்து ஈர மணலாக வந்துவிட்டது. அந்த நிமிடம் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்று. சல்ஃபாமிக் பாக்கெட்டைக் கையில் எடுத்துக் குலுக்குங்கள். உள்ளே சர்க்கரை மாதிரி உதிரியாக ஓட வேண்டும். கட்டியாக இருந்தால் ஈரம் பட்ட சரக்கு. பெயர் எதுவும் எழுதாமல் 'டைல்ஸ் கிளீனர் பவுடர்' என்று மட்டும் போட்டிருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாததை வேறு எதோடும் சேர்க்க முடியாது. கையுறை மணிக்கட்டோடு நிற்பதாக இல்லாமல் முழங்கை வரைக்கும் வருவதாக வாங்குங்கள். கோப்பைக்குள் கை விடும்போது குட்டைக் கையுறைக்குள் தண்ணீர் இறங்கிவிடுகிறது.

பியூமிஸ் கல், அதாவது நுரைக்கல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். நனைத்த கல்லால் தேய்த்தால் சுண்ணாம்பு போகிறது, உண்மைதான். நானும் இரண்டாவது வாரம் வலதுபக்கம் ஒரு சாண் இடத்தில் தேய்த்தேன். இப்போது டார்ச்சைச் சாய்த்து அடித்தால் அங்கே மயிரிழைக் கீறல்கள் தெரிகின்றன. கல்லின் கடினமும் பீங்கான் மேல்பூச்சின் கடினமும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கல் கொஞ்சம் காய்ந்தாலோ நாம் அழுத்தினாலோ கீறிவிடும். அடுத்த உப்பு பிடித்துக்கொள்ள அந்தக் கீறலே வசதியான இடம். அந்த ஒரு சாணை நினைத்தால் இன்னும் மனம் கேட்கவில்லை. கம்பிச் சுருளும் வேண்டாம், அது பீங்கானில் சாம்பல் நிறத்தில் உலோகக் கோடு போட்டுவிடும்.

பின்சுவரின் காவிப் பட்டை வேறு ஜாதி. சுண்ணாம்பு போன பிறகும் துருவின் நிறம் நின்றது. அதற்கு ஆக்ஸாலிக் ஆசிட், லிட்டருக்கு 50 கிராம், அதே துணிப் பற்று, இருபது நிமிடம். பட்டை முழுக்க வெளுத்துவிட்டது. சுண்ணாம்பு முழுக்கப் போன பிறகுதான் இதைத் தொட வேண்டும். கால்சியத்தோடு சேர்ந்தால் கரையவே கரையாத வெள்ளை ஆக்ஸலேட் படிந்துவிடும், அதை எடுப்பது புது வேலை. விஷம் என்பதால் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்திருக்கிறேன்.

அந்தப் பட்டை ஏன் அந்த ஒரே இடத்தில் வந்தது என்று யோசித்தபோது ஃப்ளஷ் டேங்க் மேல் சந்தேகம் வந்தது. டேங்கில் நீல நிறச் சாயம் பத்துச் சொட்டு விட்டு, ஃப்ளஷ் செய்யாமல் அரை மணி காத்திருந்தேன். சரியாக அந்தப் பட்டை இருந்த இடத்தில் நீலம் நூல் போல இறங்கியது. டேங்கின் அடிவால்வைக் கழற்றினால் ரப்பர் வாஷருக்கும் அது உட்காரும் வளையத்துக்கும் நடுவே கடுகளவு உப்புக் கட்டி ஒன்று உட்கார்ந்திருந்தது. அதனால்தான் நாள் முழுக்கத் தண்ணீர் கசிந்து ஒரே தடத்தில் ஓடியிருக்கிறது. வளையத்தைத் துடைத்து வாஷரை மாற்றினேன். சாயச் சோதனையைத் திரும்பச் செய்தேன், இரண்டு மணி நேரமாகியும் நீலம் வரவில்லை. கோப்பையில் ஒரே இடத்தில் மட்டும் பட்டை இருப்பவர்கள் ஆசிட் வாங்குவதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

தண்ணீரிலேயே கால்சியத்தைக் குறைக்க ரெசின் வைத்த மென்னீர்க் கருவி ஒன்றைப் பற்றியும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வப்போது உப்புக் கரைசலால் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்கு முழுக்க வேண்டுமா, குளியலறைப் பக்கம் மட்டும் போதுமா என்பதுதான் யோசனை. ஷவர் தலையும் அடைத்துக்கொண்டிருக்கிறது. அதை ஒரு பையில் சிட்ரிக் கரைசல் ஊற்றிக் கட்டித் தொங்கவிட்டால் போதும், இரண்டு மணி நேர வேலை.

அதற்கு முன்னால் விளிம்புத் துளைகள், அதாவது ஃப்ளஷ் செய்யும்போது கோப்பையின் மேல்விளிம்புக்கு அடியிலிருந்து தண்ணீர் இறங்கும் துளைகள். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சின்னக் கண்ணாடியை விளிம்புக்கு அடியில் பிடித்து எண்ணினேன், மொத்தம் 22. அதில் 9-ல் மட்டும்தான் தண்ணீர் நேராக விழுகிறது. 6 துளையில் சாய்ந்து சொட்டுகிறது, 7 முழுக்க அடைப்பு. வளைத்த கம்பியால் குத்தினால் வாய் மட்டும் திறக்கிறது, உள்ளே விளிம்புக் கால்வாயில் இருக்கும் படிவு அசையவில்லை. துளைகளை வெளியே இருந்து அடைத்துவிட்டு, டேங்க் நிரம்பி வழிந்தால் தண்ணீரைக் கோப்பைக்கு இறக்கும் வழிகுழாய் வழியாகச் சல்ஃபாமிக் கரைசலை ஊற்றிக் கால்வாயை நிரப்புவதுதான் வழி. நேற்று அகலமான ஒட்டு நாடாவால் அடைத்துப் பார்த்தேன். பீங்கானைத் துணியால் துடைத்ததோடு விட்டதால் ஈரம் இருந்திருக்கிறது, ஊற்றிய ஐந்தாவது நிமிடமே ஐந்து இடத்தில் பிடி விட்டுக் கரைசல் கொட்டிவிட்டது.

நாளை ஹேர் டிரையரால் விளிம்பின் அடிப்பக்கத்தை நன்றாகக் காயவைத்து, பிளம்பர்கள் அடைப்புக்கு வைக்கும் மக்கை (புட்டி) 22 சிறு உருண்டையாக உருட்டி ஒவ்வொரு துளைக்கும் வைத்து, அதன் மேல் நாடாவை ஒட்டப் போகிறேன். உருண்டைகளை இப்போதே உருட்டித் தட்டில் வைத்தாகிவிட்டது.